மல்லிகைக்கு இடும் உரம் ஈப்பொறிச் செடிக்கு ஆகாது

கேள்வி: திருமங்கலம் பக்கம் முக்கால் ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று, பூச்சி பிடிக்கும் ‘வீனஸ் ஈப்பொறி’ ஒன்றும் குடுவைச் செடி ஒன்றும் கூரியரில் வரவழைத்தோம். செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து தொட்டி மாற்றி நட்டு, தினமும் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறோம். மூன்றே வாரத்தில் ஈப்பொறியின் வாய்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துவிட்டன. குடுவைச் செடியில் இலை வருகிறது, குடுவை வரவில்லை. எங்கே தவறு? இவற்றைத் தோட்டத்தில் வைத்தால் மொட்டுப்புழு குறையுமா?

பதில்: செடிக்கு நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை அம்மா, அதுதான் சிக்கல். ஈப்பொறி அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் சதுப்பு நிலத்துச் செடி. அந்த மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லாத குறைக்குத்தான் அது ஈயையும் எறும்பையும் பிடிக்கிறது. பூச்சிதான் அதற்கு உரம். வேரில் உரம் போட்டால் வேர் கருகிவிடும்.

இன்றே தொட்டியைக் கவிழ்த்து, வேரில் ஒட்டிய மண்ணை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடிப்பகுதி சின்ன வெங்காயம்போல் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகக் குழைந்திருந்தால் விட்டுவிடுங்கள். சதுப்பு நிலத்துப் பாசியான ஸ்பேக்னத்தையும், பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்பொரியையும் கலந்து பிளாஸ்டிக் தொட்டியில் நடுங்கள். மண்தொட்டி வேண்டாம், அதிலிருந்து உப்பு இறங்கும். தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு. அதுதான் கிடைக்கிறது என்றால் பலமுறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே உப்புதான் வேரைச் சுற்றியும் படிகிறது. நான் முதன்முதலில் வாங்கிய ஈப்பொறியை இப்படித்தான் குழாய்த் தண்ணீரில் கொன்றேன். கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாதுவைத் திரும்பக் கலந்துவிடுகின்றன. ஏ.சி. இயந்திரத்தில் சொட்டும் நீரும் ஆகும். எல்லாவற்றிலும் மேல் மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் மொட்டை மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கொசு புகாதபடி துணி கட்டி வையுங்கள். ஈப்பொறித் தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் போதும்.

ஈப்பொறிக்கு நேர்வெயில் வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டாமல் தாங்காது. அதைவிடப் பெரிய தொல்லை குளிர்காலம். ஆண்டுக்கு மூன்று மாதமாவது குளிரில் அது உறங்க வேண்டும், மதுரை மார்கழி அதற்குப் போதாது. தொட்டியைப் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைப்பவர்கள் உண்டு. கொடைக்கானலில் உறவினர் இருந்தால் அங்கே அனுப்பிவிடலாம். என்னைக் கேட்டால், நம் ஊருக்கு ஈப்பொறி வேண்டாத வம்பு.

குடுவைச் செடியோ நம் வெயிலுக்குப் பழகிக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் வென்ட்ராட்டா என்ற கலப்பினம் முரட்டுச் செடி. உங்களுடையதில் இலை நுனியில் நீளும் கொடியின் முனையைப் பாருங்கள். அங்கே மிளகளவு மொட்டு இருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது மெல்ல ஊதிக் குடுவையாகும். வறண்டால் பழுப்பாகி அப்படியே நின்றுவிடும். இதையும் உரமண்ணிலிருந்து எடுத்துப் பாசிக் கலவைக்கு மாற்றி, வெளிச்சம் வடிந்து விழும் பந்தலடியில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் மழைநீரைப் புகைபோலத் தெளியுங்கள். ஈப்பொறியைப் போல் இதைத் தண்ணீரில் நிற்க விடாதீர்கள். கூரியரில் வந்த அலுப்பில் பழைய குடுவைகள் காய்வது இயல்பு. பயணத்தில் உள்ளிருந்த நீர் கொட்டியிருந்தால், பச்சையாக இருக்கும் குடுவைகளில் கொஞ்சம் மழைநீர் ஊற்றுங்கள்.

ஆட்டுக்கறி, சோறு எதுவும் ஊட்ட வேண்டாம், அழுகிவிடும். மகளிடம் ஈப்பொறியின் வாயில் குச்சி விட்டு விளையாட வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் முடிகள் சில நொடிகளுக்குள் இருமுறை தொடப்பட்டால்தான் அது மூடும். ஒரு வாய் ஆயுளில் சில முறையே மூடித் திறக்கும். வெறுமனே மூடுவது அதற்கு நட்டம்.

மொட்டுப்புழு விஷயத்தில் ஆசையை விட்டுவிடுங்கள். புழு மொட்டுக்குள்ளே இருக்கிறது. செடியோ தன்னைத் தேடி வருவதைத்தான் பிடிக்கும். சேதமான மொட்டுகளைப் பறித்து அழிப்பதும் விளக்குப்பொறி வைப்பதும்தான் வழி. மருந்து தெளிக்கும் நாளில் இந்தத் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

மகளுக்கு இன்னொரு செடி வேண்டுமென்றால் அழுகண்ணி வளர்க்கட்டும். சித்த வைத்தியர்களுக்குத் தெரிந்த பெயர்தான். தமிழகத்திலேயே ஈரமான மணற்பாங்கில் முளைப்பது. ட்ரோசெரா பர்மானி என்ற வகை, ஒரு ரூபாய் நாணய அகலத்தில் தரையோடு படர்ந்து, இலை முழுக்கப் பசைத்துளிகள் மின்ன நிற்கும். எறும்பு ஒட்டினால் ஓரத்து இழைகள் நொடிகளில் வளைந்து அதை உள்ளே தள்ளிவிடும். விதையை ஈரப் பாசியின் மேலே தூவினால் போதும், மூட வேண்டாம். அது ஓராண்டுச் செடி; ஆனால் தானே விதை உதிர்த்து மறுபடி முளைத்துக்கொள்ளும்.