பத்தொன்பது மணி நேரம் ஒரே மூச்சில்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம்? எங்கும் இறங்காமல் போக எத்தனை மணி நேரம் ஆகும்?

பதில்: நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 15,300 கிலோமீட்டர். பயணம் 18 முதல் 19 மணி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350 ரக விமானத்தை 2018 முதல் ஓட்டுகிறது. மொத்தமே 161 இருக்கைகள்தான், அதிலும் சாதாரண வகுப்பு கிடையாது. ஆக, பர்ஸ் கனமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்!

உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகும், ஏனென்றால் இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் விமானம் தினமும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் காற்று இருக்கிறதே, அது முதுகில் தள்ளினால் தூரம் கூடினாலும் நேரம் மிச்சம், அதனால் நியூயார்க் போகும்போது பல நாட்கள் பசிபிக் கடல் வழியாகவே கூட்டிப்போகிறார்கள்.

அப்புறம், கடிகாரக் குழப்பம் ஒன்று உண்டு. நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. நள்ளிரவு தாண்டிச் சிங்கப்பூரில் ஏறினால் அதே தேதியின் விடிகாலையில் அங்கே இறங்கிவிடலாம். திரும்பும்போது திங்கள் இரவு ஏறினால் இங்கே புதன் காலை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு மறக்காமல் லீவு சொல்லிவிடுங்கள்.