பள்ளிக்குப் போகும் விமான சிமுலேட்டர்: கருவியை விட நாள் கணக்குதான் முக்கியம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் பணம் போட்டு, தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு விமான சிமுலேட்டரை (விமானம் ஓட்டுவதைத் திரையில் பழகும் கருவி) கொண்டுபோக விரும்புகிறோம். வேன் வாங்கி அதற்குள்ளேயே காக்பிட் (விமானி உட்காரும் அறை) அமைத்துவிடலாமா? எவ்வளவு திரட்ட வேண்டும்?

பதில்: வேன் வேண்டாம். வண்டியின் உடலமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். உள்ளே ஏ.சி.யும் அதை ஓட்ட ஜெனரேட்டரும் வேண்டும். அப்படியே செய்தாலும் ஸ்ரீராமபுரம், நீலசந்திரா சந்துகளில் அதை நிறுத்த இடம் கிடைக்காது. கழற்றிப் பெட்டியில் அடைக்கும்படி கருவியைச் செய்துகொண்டு, அன்றன்றைக்கு ஒரு டாடா ஏஸ் சின்ன லாரியை வாடகைக்கு எடுங்கள். அதன் பின்தளம் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். எல்லாம் அதில் அடங்கும்.

1940 முதல் விமானத் தொழிற்சாலை (இன்றைய ஹெச்.ஏ.எல்.) இருக்கும் ஊர் இது. அந்த மதிலுக்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் படிக்கும் பிள்ளைக்கு யோக்கை, அதாவது விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் பிடிக்கும் கைப்பிடியை, கையில் பிடிக்கும் வாய்ப்பைத் தருவது மிக நல்ல வேலை. ஆனால் இப்படிப்பட்ட முயற்சிகள் பெரும்பாலும் கருவி வாங்கிய பிறகுதான் படுத்துவிடுகின்றன. கருவிக்கு ஒரே மூச்சில் பணம் சேர்ந்துவிடும். பிறகு வண்டி வாடகைக்கும் ஆள் கூலிக்கும் யாரிடம் கேட்பது என்று நின்றுவிடும். ஆகவே கணக்கைப் 'பள்ளி நாள்' என்ற அலகில் போடுங்கள்.

கருவிக்கு எங்கள் கணிப்பு இது: நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி 70,000 ரூபாய், 43 அங்குல டி.வி. 30,000, யோக், த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி), ரடர் பெடல் (வால் துடுப்பைத் திருப்பும் மிதி) மூன்றும் 40,000, யு.பி.எஸ். 12,000, பிளைவுட் சட்டமும் பெட்டிகளும் 20,000. கைச்செலவோடு 2 லட்சத்துக்குள் முடியும். மூன்று மானிட்டர் வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு பள்ளியிலும் கோணம் சரிசெய்தே அரை மணி நேரம் போய்விடும். வி.ஆர். கண்ணாடியும் வேண்டாம். அது சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல, வரிசையில் நிற்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது.

மென்பொருளுக்கு ஃபிளைட்கியர் போதும். இலவசம், பொது இடத்தில் பயன்படுத்த உரிமச் சிக்கலும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் காட்சிகளை இணையத்திலிருந்து இழுப்பதால், நல்ல இணையம் இல்லாத வகுப்பறையில் தரை மங்கிவிடும். ஃபிளைட்கியரிலும் பெங்களூரைச் சுற்றியுள்ள நிலக்காட்சியை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

இனி நாள் கணக்கு. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைப் பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதைக்கு 3 கடல் மைல் முன்னால், தரையிலிருந்து சுமார் 950 அடி உயரத்தில், 70 நாட் (மணிக்கு 70 கடல் மைல்) வேகத்தில் நிறுத்திச் சேமித்து வையுங்கள். அங்கிருந்து தரையிறங்க இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒரு பிள்ளை யோக்கைப் பிடிக்கட்டும், பக்கத்துப் பிள்ளை த்ராட்டிலையும் ஃபிளாப்பையும் (தரையிறங்கும்போது இறக்கையில் இறக்கும் மடல்) பார்க்கட்டும். பிறகு இடம் மாறட்டும். உட்கார்ந்து எழுவதையும் சேர்த்து ஜோடிக்கு 8 நிமிடம். ஐந்து மணி நேரத்தில் 37 ஜோடி வரும். நடைமுறையில் 70 பிள்ளைகள் என்று வையுங்கள். 300 பேருக்கும் ஒரே நாளில் காட்டச் சொல்லித் தலைமை ஆசிரியர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும், அதில் யாரும் எதையும் கற்க முடியாது.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்: தரையில் நிற்கும்போதே உயரமானி ஏன் 2,900 அடி காட்டுகிறது? அது கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது, பெங்களூரே அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. புவியியல் பாடத்தை அங்கேயே எடுத்துவிடலாம். இன்னொன்று, பயந்த பிள்ளை யோக்கைத் தன் பக்கம் இழுக்கும். வேகம் 50 நாட்டுக்குக் கீழே போகும், இறக்கை தூக்குவிசையை இழக்கும், விமானத்தின் மூக்கு கவிழும். அப்போது கையைத் தட்டிவிடாமல், 'விடு, முன்னால் தள்ளு' என்று மட்டும் சொல்லுங்கள்.

பழுது வரும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. யோக்கைப் பள்ளி மேசையில் கிளாம்ப் போட்டு மாட்டினால் பத்துப் பேருக்குள் தளர்ந்துவிடும், 18 மி.மீ. பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். யு.எஸ்.பி. ஓட்டைகளுக்கு எண் ஒட்டுங்கள். மாற்றிச் சொருகினால் பொத்தான்களின் ஒதுக்கீடு குழம்பலாம். விண்டோஸின் மின்சேமிப்பு ஏற்பாடு ஜாய்ஸ்டிக்கைத் தூங்கவைக்கும், அதை நிறுத்துங்கள். தானியங்கி அப்டேட்டையும் தள்ளிப்போடுங்கள். கால் எட்டாத பிள்ளைகளுக்குத் தானியங்கி ரடரை இயக்கிவையுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் சமரசம் கூடாது. கணினியும் டி.வி.யும் சேர்ந்து 500 வாட்டுக்குள் இழுக்கும், 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். தாங்கும். ஆனால் பழைய கட்டடங்களில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பி இல்லாமலே இருக்கும். மல்டிமீட்டரில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இல்லையென்றால் வேறு அறை பாருங்கள். மின்னும் திரை சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம், ஆகவே வலிப்பு வரும் பிள்ளைகள் உண்டா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளி நாளுக்கு வண்டி 3,000, நடத்தும் இருவருக்குப் படி 2,500, அச்சிடும் செலவுக்கு 500, பழுது நிதிக்கு 1,500: ஆக 7,500 ரூபாய். கடைக்காரரிடம் 'நன்கொடை கொடுங்கள்' என்று கேட்பதைவிட, 'இந்தப் பள்ளியில் 70 பிள்ளைகளுக்கு ஒரு நாள் உங்களுடையது' என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடைகள் சேர்ந்தும் ஒரு நாளை ஏற்கலாம். பத்து நாளுக்கு உறுதி கிடைத்த பிறகே கருவிக்கு ஆர்டர் கொடுங்கள்.

பணத்தைத் தனிநபர் கணக்கில் வாங்காதீர்கள். பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ வேண்டும். அதற்கு நன்கொடை வரிச்சலுகைக்கான அங்கீகாரம் (80ஜி என்பார்கள்) இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, புதிய வரிமுறையில் உள்ள தனிநபருக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதிக்கு, அதைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 என்ற அரசுப் பதிவும் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும் கேட்பார்கள். தன் பொருளை விளம்பரப்படுத்த ஒரு நிறுவனம் தரும் பணம் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. புதிய குழுவான நீங்கள் அந்தப் பக்கம் அலைய வேண்டாம்.

அனுமதிக்குத் தலைமை ஆசிரியர், பள்ளியின் எஸ்.டி.எம்.சி. (பள்ளி வளர்ச்சி, கண்காணிப்பு) குழு, வட்டாரக் கல்வி அதிகாரி மூவருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். தேதி, வகுப்பு, நடத்துபவர்களின் பெயர், மின்தேவை நான்கும் அதில் இருக்கட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் வசதியான காலம். பிப்ரவரி பிறந்துவிட்டால் எல்லோருக்கும் தேர்வு நினைப்புதான். ஆதரவாளர் பெயரை வாசலில் ஒரு பலகையில் எழுதினால் போதும், பிள்ளைகளின் சட்டையிலோ சான்றிதழிலோ லோகோ வேண்டாம். ஆதரவாளர்களுக்கு அனுப்பும் படங்களில், பெற்றோர் எழுதித் தந்திருந்தாலொழிய, பிள்ளைகளின் முகம் தெரியாமல் பின்னாலிருந்து திரையைப் பார்த்து எடுங்கள்.