1973 ஃபோர்மனா, 1988 டைசனா? கேள்வி பதில்

ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் ஃபோர்மனா, டைசனா என்று கேட்டால், முதலில் எந்த ஃபோர்மன், எந்த டைசன் என்று முடிவு செய்துகொள்வோம். அதைச் சொல்லாமல் பேசினால் சண்டை முடியவே முடியாது. 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன்: அதுவரை தோற்றே இராத ஜோ ஃப்ரேசியரை 24 வயது ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் சாய்த்த இரவு. 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி: மைக் டைசன் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்த இரவு. அந்த இருவரையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்? ஃபோர்மன், மூன்று ரவுண்டுக்குள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள்.

அண்ணே, எடுத்த எடுப்பிலேயே ஃபோர்மன்னு சொல்லிட்டீங்க. டைசனோட வேகத்துக்கு முன்னாடி அவர் என்ன பண்ண முடியும்?

வேகத்தில் டைசன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சண்டையை முடிவு செய்வது தூரம். டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம், கை வீச்சு 71 அங்குலம். ஃபோர்மன் 6 அடி 3 அங்குலம், கை வீச்சு 78 அங்குலத்துக்கு மேல். அடிக்க வேண்டுமானால் டைசன் உள்ளே போயே தீர வேண்டும். குனிந்து, தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டு போவார். நேராக வரும் ஜாப்பும் (இடது கையின் நேர்க் குத்து) ரைட்டும் (வலது கைக் குத்து) அவரைத் தாண்டிப் போய்விடும். கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டுக்கோ அந்தக் குனிந்த தலைதான் வசதி.

கிங்ஸ்டன் சண்டையின் முதல் ரவுண்டைப் பாருங்கள். ஃப்ரேசியர் குனிந்து உள்ளே வருகிறார். ஃபோர்மன் இரண்டு கையையும் நீட்டி அவர் தோளைப் பிடித்துத் தள்ளுகிறார். ஃப்ரேசியரின் கால் தடுமாறுகிறது. சமாளித்து மறுபடி குனிந்து வருகிறார், அந்த முகத்துக்கு நேராக ரைட் அப்பர்கட் ஏறுகிறது. முதல் முறை விழுந்தது அப்படித்தான். இரண்டாவது ரவுண்டில் ஒரு அடிக்கு ஃப்ரேசியரின் கால் தரையை விட்டே எழும்பியது. அன்றைக்கு அவர் எடை 214 பவுண்டு.

ஃப்ரேசியரும் டைசனும் ஒண்ணா? இதை எப்படி ஒத்துக்கிறது?

ஒன்று இல்லைதான். ஃப்ரேசியரிடம் இருந்தது பெரும்பாலும் லெஃப்ட் ஹூக் (இடது கையை வளைத்து விடும் குத்து) மட்டும். டைசனுக்கு இரண்டு கையும் ஆயுதம். ஃப்ரேசியர் சூடு பிடிக்க இரண்டு மூன்று ரவுண்டு ஆகும். டைசன் மணி அடித்ததுமே பாய்வார். அதோடு, 1971 மார்ச்சில் முகமது அலியை ஜெயித்த ஃப்ரேசியர் கிட்டத்தட்ட 205 பவுண்டு. அதற்கப்புறம் கிங்ஸ்டன் வரை டெர்ரி டேனியல்ஸ், ரான் ஸ்டாண்டர் என்று இரண்டு சுலபமான சண்டைதான் போட்டார். ஃபோர்மன் சந்தித்தது முழு வலுவோடு இருந்த ஃப்ரேசியரை அல்ல.

அதனால் டைசன் ஆறு முறை விழுவார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். முதல் ஒரு நிமிடம் ஃபோர்மனுக்கு உண்மையிலேயே ஆபத்து. டைசன் ரைட்டால் விலாவில் ஒன்று போட்டு, அதே கையை எடுக்காமல் அப்பர்கட்டாக மேலே கொண்டுவருவார். ஃபோர்மன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி வைத்திருப்பவர். அந்த இடைவெளியில் அது நுழையும்.

அப்போ ஃபோர்மன் விழ வாய்ப்பு இருக்கு, இல்லையா?

தாராளமாக இருக்கிறது. 1976 ஜனவரியில் ரான் லைல் நான்காவது ரவுண்டில் அவரை இரண்டு முறை சாய்த்தார். ஆனால் ஃபோர்மன் எழுந்து வந்து ஐந்தாவது ரவுண்டில் லைலை முடித்துவிட்டார். விழுவதும் தோற்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஹெவிவெயிட்டில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சார், டைசன் தோத்ததெல்லாம் அவரோட பயிற்சியாளர் கெவின் ரூனி போன பிறகு. ரூனி கார்னர்ல இருந்தப்ப அப்பர்கட்லாம் படவே படாது.

பட்டிருக்கிறது. 1987 ஆகஸ்ட் 1, லாஸ் வேகஸ். கார்னரில் ரூனி இருக்கிறார். முதல் ரவுண்டிலேயே டோனி டக்கர் லெஃப்ட் அப்பர்கட்டால் டைசனைப் பின்னால் தள்ளினார். டைசன் அசைந்ததோடு சரி, விழவில்லை. அவருடைய தாடையின் உறுதிக்கு அது சான்று. ஆனால் வழி திறந்திருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். அதே வழியில்தான் 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் அப்பர்கட்டும் வந்தது. டோக்கியோவுக்கு டைசன் சரியாகத் தயாராகவில்லை, ரூனியும் இல்லை. அதனால் என் வாதத்தை அந்தச் சண்டை மேல் வைக்கவில்லை. டக்கர் சண்டை ஒன்றே போதும்.

இன்னொன்று. 1988 வரை டைசனை யாரும் தொடர்ந்து பின்னால் நடக்க வைத்ததே இல்லை. போன்கிரஷர் ஸ்மித் 12 ரவுண்டும் கட்டிப் பிடித்தே ஓட்டினார், ஹோம்ஸ் நாலாவது ரவுண்டில் சாயும் வரை விலகிப் போகத்தான் பார்த்தார், ஸ்பிங்க்ஸுக்கு நேரமே கிடைக்கவில்லை. பின்னால் போக வைத்தால் டைசன் என்ன ஆவார் என்பதை 1996-ல் ஹோலிஃபீல்டு காட்டினார். ஃபோர்மன் அந்த வேலையை முதல் நிமிடத்திலிருந்தே செய்வார்.

தள்ளுறது ஃபவுல் ஆச்சே?

ஆமாம், விதிப்படி தவறுதான். கிங்ஸ்டனில் நடுவர் ஆர்தர் மெர்கான்டே அதற்காகச் சண்டையை நிறுத்தவில்லை. கண்டிப்பான நடுவர் ஒருவர் வந்து புள்ளியைப் பிடுங்க ஆரம்பித்தால் என் கணிப்பு ஆட்டம் காணும். எனக்கே பயம் தருவது இந்த ஒரு விஷயம்தான்.

அலி 1974-ல கின்ஷாசால ஃபோர்மனை ஜெயிச்சாரே. டைசனால முடியாதா?

அலியின் வழி டைசனுக்கு இல்லை. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கவும், நீண்ட கையால் கழுத்தை இழுத்துப் பிடிக்கவும், எட்டு ரவுண்டு வரை பொறுத்திருக்கவும் அலியால் முடிந்தது. 1977-ல் ஜிம்மி யங்கும் பொறுமையாக நின்று புள்ளிகளில்தான் ஜெயித்தார். குட்டையான, முன்னால் பாய்கிற ஆள் யாரும் ஃபோர்மனை ஜெயித்ததில்லை. 1976-ல் இரண்டாவது முறை வந்த ஃப்ரேசியர் பாய்வதைக் குறைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நகர்ந்தார். அப்படியும் ஐந்தாவது ரவுண்டு வரைதான்.

கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடாதா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1969-ல் மியாமியில் ராக்கி மார்சியானோவையும் அலியையும் ரிங்கில் இறக்கி, பல முடிவுகளைப் படமாக்கினார்கள். 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அமெரிக்கா பார்த்ததில் 13-வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் அலி ஜெயிக்கும் முடிவும் ஓடியது. அந்தப் படப்பிடிப்புக்காகவே எடையைக் குறைத்து வந்த மார்சியானோ, முடிவைப் பார்க்காமலே 1969 ஆகஸ்ட் 31-ல் விமான விபத்தில் இறந்துபோனார். நாம் கொடுக்கிற எண்தான் திரும்பி வரும். ரிங்கில் கால் எங்கே வைத்தார் என்று கண்ணால் பார்ப்பதைத்தான் நான் நம்புவேன்.

நீங்க டைசன் கார்னர்ல இருந்தா என்ன சொல்வீங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நேராக உள்ளே போகாதே என்பது முதல் பேச்சு. ஃபோர்மனின் ஜாப்புக்கு வெளிப்பக்கம், அதாவது டைசனுக்கு வலப்பக்கம் நழுவு. அங்கே அவருடைய ரைட் எட்டாது. விலாவில் இரண்டு போடு, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் வெளியே வா. தள்ள வந்தால் பின்னால் போகாதே, அவர் கையைக் கட்டிப் பிடி. தலையைத் தேடாதே. ஃபோர்மன் மூச்சு வாங்க ஆரம்பிப்பது ஐந்தாவது ரவுண்டுக்கு மேல்தான், அதுவரை உயிரோடு இரு. 15 ரவுண்டுச் சண்டை என்றால் இன்னும் நல்லது.

ரூனி எண்களைச் சொல்லிக் கத்த, அதற்கேற்ப அடி கோக்கப் பழகியவர் டைசன். இந்தத் திட்டத்தை அவரால் செய்ய முடியும். ஆனால் 1988 டைசன் முதல் ரவுண்டிலேயே ஆளை முடிக்கப் பார்ப்பவர். ஐந்து ரவுண்டு காத்திரு என்றால் கேட்பாரா? கேட்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நிஜத்துல மோதியிருக்கவே முடியாதா?

கிட்டத்தில் வந்தது. 1990 ஜூன் 16, லாஸ் வேகஸில் ஒரே மேடையில் இருவரும் சண்டையிட்டார்கள், வெவ்வேறு ஆட்களோடு. டைசன் ஹென்றி டில்மனை முதல் ரவுண்டிலும், ஃபோர்மன் அடில்சன் ரோட்ரிகஸை இரண்டாவதிலும் முடித்தார்கள். ஃபோர்மனுக்கு அப்போது 41 வயது. அந்த வருடம் மோதியிருந்தால் டைசன் புள்ளிகளில் ஜெயித்திருப்பார் என்பது என் எண்ணம். அடுத்த வருடம் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்றுவிட்டுத்தான் ஃபோர்மன் தோற்றார். அவ்வளவு சுலபமாகச் சாய்கிற ஆள் இல்லை.

எந்தச் சண்டையைப் பார்த்துட்டு வந்து உங்களோட வாதாடலாம்?

கிங்ஸ்டன் முதல் ரவுண்டை வர்ணனையை அணைத்துவிட்டு, ஃபோர்மனின் கைகளை மட்டும் பாருங்கள். அப்புறம் டைசன்–டக்கர் முதல் ரவுண்டு. டைசன் பக்கம் வாதாட வருகிறவர்கள் லைல் சண்டையின் நான்காவது ரவுண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு அதுதான் பலம்.