பழைய திராட்சைக் கொடி ஒயின்னு போட்டிருந்தா கூடக் காசு குடுக்கலாமா?

பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல இருக்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க சாப்பிட வராங்க, ஆட்டுத் தொடை ரோஸ்ட் பண்றேன், கடையில தெற்கு பிரான்ஸ் கொர்பியேர் வட்டாரத்து ரெட் ஒயின் ரெண்டு பாத்தேன், ஒண்ணுல மட்டும் 'வியேய் வீன்யு'னு போட்டு அஞ்சு யூரோ கூட, வாங்கலாமா?

அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீங்க. பழைய கொடின்னு அர்த்தம், ஆனா எத்தனை வயசானா பழசுன்னு பிரான்ஸ்ல சட்டமே கிடையாது, 30 வயசுக் கொடிக்கும் போடலாம் 100 வயசுக்கும் போடலாம். பாட்டிலைத் திருப்பி பின் லேபிளைப் படிங்க. கொடி நட்ட வருஷம், எந்த ஊர் சரிவு, என்ன ரகம்னு எழுதியிருந்தா தாராளமா அந்த அஞ்சு யூரோ குடுக்கலாம்.

முக்கியமா கரின்யான்னு ஒரு கருப்புத் திராட்சை ரகம், அதைத் தேடுங்க. சமவெளியில இளம் கொடியா இருக்கும்போது அது அள்ளி அள்ளிக் காய்க்கும், ஒயின் தண்ணியா புளிப்பா இருக்கும், அதனாலயே பேர் கெட்டுப்போய் 1988க்கு அப்புறம் ஐரோப்பிய மானியம் குடுத்து ஏக்கர் ஏக்கரா பிடுங்க வச்சாங்க. எனக்கு அது இன்னைக்கும் ஆறல. ஏன்னா அதே கரின்யான் வயசாகி காய்ப்பு குறைஞ்சதும் வேற ஆளாயிடும், குலை சின்னதாகும், சாறு அடர்த்தியாகும், ஹெக்டேருக்கு 20 ஹெக்டோலிட்டர், அதாவது 2,000 லிட்டர் ஒயின் தேறுறதே பெருசு. தப்பிச்ச கொடிங்களைப் பாக்கணும்னா தெற்கு பிரான்ஸ் ருசியோன் வட்டாரத்துல மோரிங்கிற ஊர்ப் பக்கம் போங்க, பலகை பலகையா உடையுற கருப்புப் பாறையில, கம்பி இல்ல பந்தல் இல்ல, முழங்கை தடிமனுக்கு முறுக்கிக்கிட்டு குத்துச்செடி மாதிரி தனித்தனியா நிக்கும். மெஷின் விட முடியாது, எல்லாம் கையாலதான் அறுக்கணும், அந்தக் கூலியும்தான் விலையில சேருது.

இன்னொண்ணு, கொர்பியேர் மாதிரி ஊர்ப் பேர் போடணும்னா பல ரகம் கலக்கணும்னு விதி. அதனால தனிக் கரின்யான் ஒயின் நிறைய 'கோத் கத்தலான்' மாதிரி ஐஜிபி, அதாவது விதி கொஞ்சம் தளர்வான வட்டாரப் பேர்லதான் வரும், ஏஓசிங்கிற விதி கறாரான ஊர்ப் பேர் இல்லையேன்னு அதை ஒதுக்கிடாதீங்க, என்னைக் கேட்டா கம்மி காசுக்கு நல்ல சரக்கு அங்கதான் இருக்கு. கிரனாஷ்ங்கிற இன்னொரு ரகம்தான் வேணும்னா ரோன் பள்ளத்தாக்குல ஜிகொந்தாஸ் ஊர் ஒயினைப் பாருங்க, ஆனா விலை ஏறிடும்.

ரோஸ்ட்டுக்கு மிளகு, பூண்டு, ரோஸ்மேரி போடுங்க, அருமையா சேரும். மிளகாய்த்தூளை மட்டும் கொறைச்சுக்கோங்க, இந்த ஒயின்ல ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரைக்கும் போகும், துவர்ப்பும் ஜாஸ்தி, காரத்தோட சேந்தா வாயெல்லாம் எரியும். ரூம்ல வெயில் அடிச்சா பாட்டிலை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, 16, 17 டிகிரி இருந்தா போதும், அதுக்கு மேல சூடானா ஆல்கஹால் வாசனைதான் முதல்ல மூக்குல ஏறும். சாப்பிட ஒரு மணி நேரம் முன்னாடியே வாய் அகலமான ஜக்ல ஊத்தி வச்சிடுங்க, துவர்ப்பு கொஞ்சம் அடங்கும்.