கேள்வி-பதில்: சிமிலி உருண்டைக்கு எந்த வெல்லம் வாங்குவது?

சிமிலி (கேழ்வரகு அடையோடு வேர்க்கடலை, எள், வெல்லம் சேர்த்து இடித்துப் பிடிக்கிற உருண்டை) போல வீட்டிலேயே உருட்டிப் பிடிக்கிற இனிப்புகளுக்குப் பொருள் வாங்குவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சுருக்கித் தருகிறேன்.

"சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று போட்ட பேரீச்சம்பழ உருண்டை, கால் கிலோ 380 ரூபாய். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்பதால் அதை வாங்கி தினமும் இரண்டு கொடுத்தேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, காட்பாடி)

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். அதன் மேல் வேறு சர்க்கரை போடவில்லை என்பது மட்டும்தான் அந்த வரிக்கு அர்த்தம், ஆனால் சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் அதை எப்படிப் படிப்பார்கள் என்று விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அவ்வளவு பெரிய எழுத்தில் போடுகிறார். இனிமேல் பாக்கெட்டைத் திருப்பி, சத்து அட்டவணையில் 'டோட்டல் சுகர்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். பொருள் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், அதையும் பாருங்கள். வீட்டில் செய்வதானால் வறுத்த எள்ளும் வேர்க்கடலையும்தான் பெரும் பங்கு, பேரீச்சம்பழம் ஒட்டுவதற்கு மட்டும். சிறு நெல்லிக்காய் அளவில் ஒன்று. அதையும் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் விட்டு உருண்டை பிடித்துக் கொடுக்கலாமா? (சோளிங்கர்)

கூடாது. ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து கிலோ வேர்க்கடலை வாங்கினேன். சிலது சுருங்கிக் கறுத்திருக்கிறது, கசக்கிறது. வறுத்து வெல்லம் போட்டால் தெரியாதுதானே? (குடியாத்தம்)

யாருக்குத் தெரியாது? சாப்பிடப்போவது உங்கள் பிள்ளைகள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. கடலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு, நாலு பருப்பை வாயில் போட்டுப் பார்க்காமல் ஐந்து கிலோ வாங்கியிருக்கிறீர்கள். தூக்கிப் போடுங்கள்.

பாட்டி செய்கிற கேழ்வரகு சிமிலியைப் பிள்ளைகளுக்குச் செய்து தர ஆசை. எந்த வெல்லம் வாங்குவது? கடையில் மஞ்சளாக, சுத்தமாக இருக்கிறதே, அது போதுமா? (வாசகி, ஆற்காடு)

போதாது. இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் ஆறவில்லை. சிமிலிக்குப் பாகு காய்ச்சுவதில்லை. கேழ்வரகு அடையைத் தட்டிக் கல்லில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடிக்கிறோம். வடிகட்டுகிற வேலையே கிடையாது. வெல்லத்தில் மண் இருந்தால் மண், மருந்து இருந்தால் மருந்து, அப்படியே பிள்ளை வாய்க்குப் போகும்.

கரும்புச்சாறு கொப்பரையில் கொதிக்கும்போது அழுக்கு நுரையாக மேலே திரளும். வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான தண்ணீரை ஊற்றி அதை அள்ளி எடுப்பது பழைய முறை. அப்படிக் காய்ச்சினால் நிறம் பழுப்பாகத்தான் வரும். மஞ்சளாக வரவேண்டும் என்றால் ஹைட்ரோஸ் போடுகிறார்கள், அதாவது சோடியம் ஹைட்ரோசல்பைட். அதிலிருந்து கந்தக டை ஆக்சைடு வெல்லத்தில் தங்கிவிடும். கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடக் கூடியது இது. காய்ச்சுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மண்டியில் நின்று பாருங்கள், வருகிறவர்களெல்லாம் "நல்லா மஞ்சளா குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள், பழுப்பு வெல்லம் விலைபோகாமல் கிடக்கிறது, அப்புறம் அவர் எதைக் காய்ச்சுவார்?

பழுப்பாக இருந்தாலே நல்லது என்றும் நம்பிவிட முடியாது. ஒரு கண்காட்சியில் இரட்டை விலை கொடுத்து 'ஆர்கானிக்' நாட்டுச் சர்க்கரை வாங்கினேன். ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் போட்டால் நிறமெல்லாம் கழன்று ஓடி, அடியில் வெள்ளைச் சர்க்கரைப் பரல் பளபளவென்று நின்றது. அதனால் கால் கிலோ மட்டும் வாங்கி, ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து, மண்ணும் தூசியும் அடியில் தங்குகிறதா என்று பாருங்கள். வாயில் போட்டால் உப்புக் கரிக்கிற வெல்லம் வேண்டாம். ஹைட்ரோஸ் எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்லும், வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே பளீர் மஞ்சளைத் தொடாதீர்கள்.

புது மிக்ஸியில் பேரீச்சம்பழம் அரைத்தேன், நின்றுவிட்டது. வாரண்டி செல்லாது என்கிறார் கடைக்காரர். (ராணிப்பேட்டை)

மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. பளு தாங்காமல் அதுவே துண்டித்துக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு அழுத்துங்கள். ஓடவில்லை என்றால் வாரண்டி அட்டையைப் படியுங்கள், பேரீச்சம்பழம் அரைக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்காவிட்டால் கடைக்காரர் வாய்ச்சொல் செல்லாது, பில்லோடு 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். கொட்டை, பேரீச்சை எல்லாம் நறுக்கும் என்று விளம்பரம் பார்த்து நானும் ஒரு குட்டிச் சாப்பர் வாங்கினேன், பாதாமுக்கே கத்தி வளைந்துவிட்டது, திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பழத்தைக் கொட்டை நீக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, விட்டு விட்டு அரையுங்கள்.

சாக்லேட் காம்பவுண்டும் சாக்லேட்டும் ஒன்றா? (வாணியம்பாடி)

இல்லை. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு.

வீட்டில் செய்து விற்கும் ஒருவரிடம் ஒரு கிலோ நட்ஸ் லட்டு வாங்கினோம். இரண்டாம் நாளே சிக்கு நாற்றம். டப்பாவில் தேதியும் இல்லை, முகவரியும் இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை. (சத்துவாச்சாரி)

பண்டிகைக்கென்று ஆசையாக வாங்கியிருப்பீர்கள், படிக்கவே வருத்தமாக இருக்கிறது. வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் டப்பாவில் இருக்க வேண்டும். மீதி லட்டை யாரும் சாப்பிடாமல் டப்பாவோடு எடுத்துவையுங்கள், பணம் அனுப்பிய ரசீதையும் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.