கண்மாய்க் கரையிலிருந்து: வாசகர் கேள்விகள்

சின்ன வயதில் எங்கள் கண்மாயில் கால் வைத்தாலே மட்டிச் சிப்பி தட்டுப்படும். அதன் ஓட்டைக் கல்லில் தேய்த்துத் துளை போட்டு மாங்காய் சீவுவோம். இப்போது கரையில் பழைய ஓடுதான் கிடக்கிறது. மட்டியும் அழியும் இனமாகிவிட்டதா?
– மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர்

அந்த மாங்காய்ச் சீவி என் பெருவிரலையும் ஒருமுறை சீவியிருக்கிறது. நம் கண்மாய் மட்டிக்கு லாமெல்லிடென்ஸ் என்று பெயர். உலக அளவில் அதற்கு இன்னும் ஆபத்தில்லை என்கிறது, அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் செம்பட்டியல். உங்கள் கண்மாயில் இல்லாதபோது பட்டியலில் பத்திரமாக இருந்து என்ன!

முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோகும் ஒரு சங்கதி இதில் உண்டு. மட்டிக்குஞ்சு நேராக மண்ணில் வளராது. கண்ணுக்குத் தெரியாத அளவில் தாயிடமிருந்து வெளியே வந்து, தனக்கு ஒத்துவரும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொள்ளும். கொஞ்ச காலம் அங்கே வளர்ந்த பிறகுதான் சேற்றில் விழும். ஆக, அந்த மீன் இல்லையென்றால் மட்டிக்கு வாரிசு இல்லை.

ஸ்காட்லாந்து ஆறுகளின் முத்துமட்டிக்கு நேர்ந்ததும் இதுதான். நூறு வயது தாண்டி வாழும். ஒரே நாளில் 50 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும். அதன் குஞ்சு சால்மன், டிரவுட் மீன்களில் மட்டுமே ஒட்டும். முத்துக்காகக் கொன்று குவித்தார்கள், ஆறும் அழுக்கானது, மீனும் குறைந்தது. 1998 முதல் அதைத் தொடவே சட்டம் விடுவதில்லை. ஆனாலும் பல ஆறுகளில் பெரிய மட்டிகள் மட்டுமே மிச்சம். பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட தெருவில் திண்ணைக்கொரு கிழவர் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி.

போன வைகாசியில் எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழா முடிந்த கையோடு சேற்றைத் துழாவினேன். பதினோரு மட்டி. எல்லாமே உள்ளங்கை அகலம். நகத்தளவில் ஒன்றுகூட அகப்படவில்லை. கூடைகளில் நாட்டுக் கெண்டையைத் தேட வேண்டியிருந்தது. ஜிலேபியும், அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் நிறைய. இது போதாதென்று வண்டல் அள்ளும் ஜேசிபி வேறு. கோடையில் சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மட்டி, டிராக்டர் ஏறி வயலுக்குப் போகிறது.

முத்து வளர்க்க மட்டி வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். கண்மாயில் அள்ளிக் கொடுக்கலாமா?
– சோழவந்தான் வாசகி

முத்து வளர்ப்பு ஏமாற்று வேலை இல்லையம்மா. புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் பயிற்சியே தருகிறது, அதுவும் இதே மட்டியை வைத்துத்தான். ஆனால் அவர் கேட்பது பெரிய மட்டியாகத்தான் இருக்கும். உங்கள் ஊரில் குஞ்சு மட்டி கண்ணில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். படவில்லையென்றால் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கம் நிஜமாகவே அழிவின் விளிம்பில் இருக்கும் மட்டி எது?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

சூடோமுல்லேரியா டாலி. கர்நாடகத்தில் துங்கா, பத்ரா ஆறுகளில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும். கடல் ஆளிச் சிப்பி மாதிரி இருப்பதால் மட்டி என்றே பலருக்குத் தெரியாது. பாறையை உடைத்தால் அதுவும் போச்சு.

மேலூர்க்காரருக்கு மறுபடியும் ஒரு வார்த்தை: அடுத்த திருவிழாவில் காலில் தட்டுப்படும் மட்டியைக் கரையில் வீசாமல், மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் கிடக்கும் பள்ளமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.