கம்பத்து மேலே பேட்டரி எதற்கு? சூரிய மின்சாரம்: கேள்வி-பதில்

இந்த முறையும் பாதிக் கடிதங்களில் "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்ற ஒரே வரிதான். ஒரு வருட பில் (இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு), சேங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட்), காலையும் மாலையும் எடுத்த மொட்டைமாடிப் படம். இவை இல்லாமல் எழுதினால் பதில் வராது. போன முறையும் இதையேதான் சொன்னேன்.

வீட்டில் 3 கிலோவாட் போட்டோம். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பட்டப்பகலில் இது என்ன நியாயம்? (தக்கலை)

லைன்மேன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நியாயம். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவருக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போகக் கூடாது. அதனால்தான் லைன் நின்றதும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் நிற்கிறது. பேக்கப் வேண்டுமென்றால் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. அதை வாங்கும் முன்பே யோசித்திருக்கலாம்.

5 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் கூடுமா? (மார்த்தாண்டம்)

கூடாது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே தொகைதான். பேனலில் உள்நாட்டு செல் இல்லையென்றால் அதுவும் இல்லை.

ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றுகிறதே, என் மாடியில் சின்னதாக ஒன்று வைத்தால் என்ன? (நாகர்கோவில்)

அங்கே மலைக்கணவாய் காற்றைக் குவித்துத் தள்ளுகிறது. உங்கள் தெருவில் தென்னையும் பக்கத்து மாடியும் அதைத் தடுக்கின்றன. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்கு. அந்தப் பணத்துக்குப் பேனல் வாங்குங்கள்.

எங்கள் வார்டில் 120 தெருவிளக்கு. எல்லாவற்றையும் தனித்தனி சோலார் விளக்காக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். எந்த மாடல் நல்லது? (ஒரு நகராட்சி வார்டு உறுப்பினர்)

எந்த மாடலும் வேண்டாம். தீர்மானத்தை முதலில் கிழித்துப் போடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 20 வாட் எல்இடி, இரவு 12 மணி நேரம்: 240 வாட்-மணி. குமரி மாவட்டத்தில் நமக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. மூன்று நாள் வெயில் முகம் காட்டாமல் போவது சாதாரணம். மூன்று இரவுக்கு 720. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போச்சு, ஆக 1,440 வாட்-மணி. 12 வோல்ட்டில் அது 120 ஏஎச் (ஆம்பியர்-மணி), லாரி பேட்டரி அளவு. டெண்டரில் குறைந்த விலைக்கு வருவதோ 40 ஏஎச். பாதிவரை இறக்கினால் ஒரே இரவுக்குத்தான் காணும். மழைக்காலம் முழுக்க அடிவரை வற்றி வற்றி, இரண்டாவது வருடம் செத்துப்போகும். லித்தியம் போட்டால் தாங்கும் என்பார்கள். செல் தாங்கும்தான். ஆனால் கேபிள் நுழையும் ஓட்டை வழியே உப்புக்காற்று புகுந்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பச்சை பூக்கும். கம்பத்து உச்சியில் காக்கை எச்சத்தை யார் ஏறித் துடைப்பது? ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலே அந்தச் சின்னப் பேனல் பாதி கூடத் தராது.

மாற்று இதுதான். விளக்கு ஈ.பி. லைனிலேயே இருக்கட்டும். சோடியம் விளக்கு மிச்சமிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்: 250 வாட் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் இழுக்கும், 100 வாட் எல்இடி போதும். தெருவிளக்குகளுக்கு லைன் பிரியும் ஃபீடர் பெட்டியில் டைமர் வையுங்கள். 20 வாட் எல்இடி என்றால் 120 விளக்குக்கும் ஒரு நாளைக்கு 29 யூனிட்தான். அதை ஈடுகட்ட, கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் வீதம் 8 கிலோவாட் பேனலை ஒரே இடத்தில் போட்டால் போதும், ஏறக்குறைய 800 சதுர அடிக் கூரை. 120 பேட்டரிக்குப் பதில் ஒரு இன்வெர்ட்டர். ஆனால் ஒன்று: பொதுவாக எந்த இணைப்பில் பேனல் சேர்கிறதோ அந்த இணைப்பின் பில்தான் குறையும். அதனால் பகலில் மோட்டார் ஓடும் நீரேற்று நிலையத்தை முதலில் பிடியுங்கள், அதன் ஆறு பில்லோடு.

லைனே எட்டாத மலையோரக் குடியிருப்புக்கு மட்டும் தனி சோலார் விளக்கு சரி. அங்கேயும் 120 ஏஎச்சுக்குக் குறையாமல்.

பேருந்து நிலைய ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் சேர்ந்து ஓடலாமா? (குழித்துறை)

லோடுக்கு ஏற்ப சோலாரைக் குறைக்கும் கன்ட்ரோலர் இருந்தால் ஓடலாம். இல்லையென்றால் சோலார் மிஞ்சும் நேரத்தில் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பும். ஜெனரேட்டரில் எப்போதும் 30 சதவீத லோடாவது நிற்கும்படி செட் பண்ணச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போனால் டீசல் முழுக்க எரியாமல் சைலன்சர் வழியே எண்ணெய் கசியும்.

மீன் சந்தைக் கழிவை மட்டும் போட்டு பயோகேஸ் எடுக்க முடியுமா? (குளச்சல்)

மீன் மட்டும் போட்டால் அமோனியா ஏறி நுண்ணுயிர் முடங்கும், கேஸ் நிற்கும், நாற்றம் நிற்காது. காய்கறிக் கழிவு, ஓட்டல் சோற்றோடு கலந்து, மீனைக் கால் பங்குக்குள் வையுங்கள். உப்பு போட்ட கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம். கலவை 1 டன்னுக்கு 80 முதல் 100 கன மீட்டர் கேஸ், கிட்டத்தட்ட இரண்டு ஓட்டல் சிலிண்டர். கந்தக வாயு பர்னரை அரிக்கும், அதனால் இரும்புத்தூள் வடிகட்டி அவசியம். தூள் கறுத்ததும் மாற்ற வேண்டும்.

பேனலைத் தெற்கே எவ்வளவு சாய்க்க வேண்டும்? (கொல்லங்கோடு)

10 டிகிரி. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும், அதனால் கிழக்கு மேற்காகப் போட்டாலும் பெரிய நஷ்டமில்லை. படுக்கையாக மட்டும் போடாதீர்கள், விளிம்பில் அழுக்குத் தங்கும்.

இரண்டே வருடத்தில் ஸ்டாண்ட் துருப்பிடித்துவிட்டது. பேனலிலும் வெள்ளைக் கறை. (முட்டம்)

கறை உங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு. மழைத்தண்ணீர் அல்லது குழாய்த்தண்ணீரில், வெயில் ஏறும் முன் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் விட்டால் விரிசல் வரலாம்.

துரு, கால்வனைஸ் செய்த பிறகு மாடியில் வைத்து டிரில் போட்ட ஓட்டையில்தானே தொடங்கியது? வெட்டு, ஓட்டை, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகுதான் துத்தநாகத்தில் முக்க வேண்டும், 80 மைக்ரானுக்குக் குறையாமல். கடலோரத்தில் போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. பழையதைத் தேய்த்து ஜிங்க் பெயின்ட் அடித்து ஓட்டலாம். ஏறினதும் எர்த் கம்பியையும் பாருங்கள்: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் பக்க டிசிக்கு ஒன்று, வீட்டுப் பக்க ஏசிக்கு ஒன்று, மூன்றும் தனித்தனிக் குழி.